ஆம்பூரில் ஒரு பாட்டுப் பெட்டி

"தகப்பனார் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவர் சேர்த்து வைத்த இசைத்தட்டுக்கள் மாடி அறையில் கிடக்கின்றன. பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஜாஸ் தட்டுக்களை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். மற்றவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். நீங்கள் வந்து இரண்டு நாள் தங்கி, எல்லாவற்றையும் இனம் பிரித்து அடுக்கிக் கொடுத்தால் பெரிய உபகாரமாயிருக்கும். பிரியாணிக்குக் குறை வைக்க மாட்டோம்."

இவ்விதம் ஆம்பூரிலிருந்து நம் பழைய சிநேகிதர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கடைசி வாக்கியத்தைப் படித்த பிறகுதான் நாம் ரயில் அட்டவணையைத் தேடினோம் என்று நம் வீட்டில் ஓர் அபாண்டம் உலவுகிறது. அதில் பாதிதான் உண்மை.

ஆம்பூர் என்றதும் வெளியூரார் இரண்டு விஷயங்களைச் சொல்லுவார்கள்: ஒன்று தோல், மற்றொன்று பிரியாணி. சரித்திரம் வாசித்தவர்கள் மூன்றாவதாக 1749-ம் வருஷத்து யுத்தத்தைச் சேர்ப்பார்கள். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் மாண்டது அந்தக் களத்தில்தான். சங்கீதத்தை யாரும் சொல்வதில்லை. ஆனால் பாலாற்றங்கரையிலுள்ள இந்த ஊரின் கடைத்தெருவில் கால் நாழிகை நின்றால், தமிழும் உருதுவும் தெலுங்கும் காதில் விழும். பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும். மாதா கோவில் மணி கேட்கும். உருதுக் கவிகள் கூடி இரவெல்லாம் கவி சொல்லும் முஷாயிராவுக்கு ஆம்பூரும் பக்கத்து வாணியம்பாடியும் பேர்போன இடங்கள். இத்தனை ஒலிகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு மனிதர் காதைப் பொத்திக்கொண்டா இருந்திருப்பார்?

சிநேகிதரின் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராயிருந்தவர். ஊரார் அவரை வாத்தியார் என்றே அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஹார்மோனியம் வாசிப்பார். மிஸௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபையார் 1895-ம் வருஷத்தில் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கி, பிறகு ஆம்பூரிலும் வந்து ஊன்றினார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அமைத்தார்கள். மேல்நாட்டுச் சங்கீதத்துக்கு மூல புருஷர்களில் ஒருவராக மதிக்கப்படும் ஜொஹான் செபாஸ்தியன் பாக் என்பவரும் லுத்தரன் சபையைச் சேர்ந்தவரே. 1723-ம் வருஷம் முதல் 1750-ல் இறக்கும் வரையில் லைப்ஸிக் நகரத்துக் கோவில்களுக்குச் சங்கீதம் அமைத்துக் கொடுப்பதும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் அவருடைய உத்தியோகம். ஆகவே நம் வாத்தியார் பாக் என்பவரைத் தமக்கு முன்னால் இருந்த ஒரு சக உபாத்தியாயராகவே பாவித்தார் என்று சிநேகிதர் சொன்னார். சம்பளம் போதவில்லை என்று மேலதிகாரிகளுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்த விஷயத்திலும் இருவருக்கும் ஒற்றுமை உண்டாம்!

தட்டுக்கள் எப்படிச் சேர்ந்தன? ஊர் திரும்பும் பாதிரிமார்கள் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் விட்டுச் சென்ற பெட்டிகள் சில. தோல் மண்டிக் கணக்கப்பிள்ளை ஒருவர் பெண் கல்யாணச் செலவுக்காக விற்ற பாட்டுப் பெட்டியும் அதனோடு வந்த கர்நாடகத் தட்டுக்களும் சில. மற்றவையெல்லாம் சென்னை மூர் மார்க்கெட்டில் பொறுக்கியவை. 1985-ம் வருஷம் தீக்கிரையாகும் வரையில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகிலிருந்த அந்தச் சந்தையில் கிடைக்காத பழைய சாமான் கிடையாது. வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்தச் சென்னை செல்லும்போதெல்லாம், வரும் படியில் பாதியை அங்கே தொலைத்துவிட்டு வருவாராம். பாதிரிமார் பெட்டியில் ஜாஸ் இருந்ததா என்று நேயர்கள் மூக்கில் விரலை வைக்க வேண்டாம். பாதிரிமாருக்கும் பிள்ளைகள் உண்டு.

மாடி அறைக் கதவைத் திறந்ததும் நமக்குத் திக்கென்றது. ஓர் அலமாரி, ஏழெட்டுத் தகரப் பெட்டிகள், தலைக்கு மேல் வெறும் ஓடு. பங்குனி மாதத்திலேயே அறை அடுப்பங்கரை போலிருந்தது. பழைய தட்டுக்கள் எதனால் செய்யப்பட்டவை என்று நேயர்களுக்குத் தெரிந்திருக்கலாம்: அரக்கு. பாண்டவர்கள் அரக்கு மாளிகையிலிருந்து சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். தட்டிலுள்ள பாட்டு எந்த வழியாகத் தப்பும்?

சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி ஒன்று கசியவிடுவதே அரக்கு. அதை உருக்கி, கற்பொடியும் பஞ்சு நாரும் கரியும் கலந்து அச்சில் அழுத்தினால் தட்டு. 1902-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி, லண்டனிலிருந்து வந்த பிரெட் கைஸ்பெர்க் என்ற நிபுணருடைய குழாயின் முன் நின்று பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் தட்டு அடிக்கிறவர்கள் இன்னார் பாட்டு என்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? அதாவது, நம் தேசத்து அரக்கும் நம் தேசத்துக் குரலும் கடல் கடந்து போய், தட்டாகித் திரும்பி வந்து, நமக்கே விலைக்கு விற்கப்பட்டன. 1908-ம் வருஷத்தில்தான் கல்கத்தாவில் தட்டு அடிக்கும் தொழிற்சாலை ஏற்பட்டது.

ஆம்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் பாதிப் பதத்தில் கப்பலேறி, சீமையில் பூட்ஸாக மாறித் திரும்பி வந்ததை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். பாதிப் பதத் தோலின் ஏற்றுமதியை 1970-களில் சர்க்கார் கட்டுப்படுத்திய பிறகே இங்கே ஜோடு தைக்கும் ஆலைகள் பெருகின.

நிற்க. முதல் நாள் காலையில் நாமும் சிநேகிதரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினோம். அறுநூறு தட்டுக்களுக்குக் குறையாது. கீழே கூடத்தில் நாலு பாய் விரித்தோம். கர்நாடகம் ஒரு பாய். ஹிந்துஸ்தானியும் உருதுவும் ஒரு பாய். மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம் ஒரு பாய். ஜாஸ் ஒரு பாய். இதைவிட எளிதான காரியம் உலகத்தில் உண்டா என்று எண்ணினோம். முதல் சங்கடம் பத்தாவது நிமிஷத்திலேயே வந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தட்டு ஒன்று. ராகம் நம்முடையது, பொருள் வேதாகமத்தினுடையது, பின்னணியில் கோவில் ஆர்கன். எந்தப் பாயில் வைப்பது? இரண்டு பாய்களுக்கு நடுவே தரையில் வைத்தோம்.

அடுத்து, கோயமுத்தூர் தாயியின் தட்டு. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கிராமபோனில் பாடிய தென்னாட்டு மாதரசிகளில் அவர் முதல் வரிசையைச் சேர்ந்தவர். கர்நாடகப் பாயில் வைக்கச் சந்தேகம் என்ன என்று சிநேகிதர் கேட்டார். அப்போது நமக்கு மோரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் ஞாபகம் வந்தது. அவர் 1912-ம் வருஷத்தில் இந்தியா வந்து சென்ற சங்கீத கர்த்தா. தாயியின் தட்டைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்து, அதை அடியொற்றிப் பியானோவுக்கு 'ராகமாலிகா' என்று ஓர் உருப்படி இயற்றினார். நம் சங்கீதத்தின் சுருதி ஓசை வரவேண்டுமென்று, பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி ஒலியை மழுங்கச் செய்யும்படி எழுதி வைத்தார். பாரிஸிலுள்ள பியானோவுக்குள் கோயமுத்தூர் நுழைந்துவிட்ட பிறகு, ஆம்பூர்ப் பாய்களுக்கு நடுவே எல்லை வகுக்க நாம் யார்? ஆயினும் சாயங்காலத்துக்குள் நாலு குவியல்களும் மலை போல் எழுந்துவிட்டன. மிகவும் திருப்தியாகக் காபி கேட்டோம்.

சிநேகிதரின் தாயார் காபியைக் கொண்டுவந்து வைத்தார். எண்பத்தெட்டு வயது. பாய்களை ஒரு முறை பார்த்தார். உள்ளே போய், அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்றைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்தார். தோல் மண்டிகளில் வரவு செலவு எழுதுகிற தினுசுப் பேரேடு.

"எடுத்து அடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி," என்றார்.

"உங்களைத்தான் பத்து நாளாய்க் கேட்டேனே, அம்மா!" என்று சிநேகிதர் அலறினார்.

"என்ன விலை போகும்னு கேட்டே. எப்படி வெச்சிருந்தார்னு கேக்கலியே?"

பேரேட்டைத் திறந்தோம். நமக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண். வாங்கிய வரிசையிலேயே எண். முதல் தட்டுக்கு ஒன்று. கடைசித் தட்டுக்கு அறுநூற்றுச் சில்லறை. தட்டின் உறையிலும் மூலையில் பென்சிலால் அதே எண் சிறியதாக இருந்ததை நாம் காலை முதல் கவனிக்கவேயில்லை. எண்ணுக்கு எதிரே கம்பெனி மார்க், தட்டின் நடுவிலுள்ள காகிதத்துக்கும் பள்ளங்களுக்கும் இடையில் பொறித்திருக்கும் இலக்கம், பாடியவர் அல்லது வாசித்தவர், வாங்கிய இடம், விலை, கீறல் முதலிய குறைகள். பேரேட்டின் பின்பாதியில், பெயர்களை அகர வரிசையில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே எண்களைக் குறித்திருந்தார். கர்நாடகம், ஜாஸ் என்று பிரிக்கவே இல்லை. பிரிக்க வேண்டியதில்லை. தட்டு அலமாரியில் வந்த வரிசையில் நிற்கும். தேடுகிறவன் பேரேட்டில் தேடுவான். பெரிய புஸ்தகசாலைகளில் பழைய சுவடிகளைக் காப்பவர்கள் கையாளும் முறை இதுவே. புதிய தட்டு வந்தால் ஒன்றையும் நகர்த்த வேண்டாம். வரிசையின் கடைசியில் வைத்தால் போதும். வேதநாயகம் சாஸ்திரியாரும் இரண்டு பாய்களுக்கு நடுவே தரையில் உட்கார வேண்டியதில்லை!

வீட்டில் நூறு தட்டுக்கள் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றையெல்லாம் கைப்பேசிக்குள் அடைத்து வைத்திருப்பவர்களுக்குமேகூட, இதைவிட நல்ல உபாயம் நமக்குத் தெரியவில்லை. ராகப்படி அடுக்குகிறவர்கள் ராகமாலிகையில் மாட்டிக்கொள்வார்கள். பாடகர்படி அடுக்குகிறவர்கள் ஒரே தட்டில் இருவர் பாடியிருந்தால் திண்டாடுவார்கள். மேலுறையின் வர்ணப்படி அடுக்குகிறவர்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் புடவைக் கடையில் வேலை பார்க்கலாம்.

பேரேட்டின் கடைசிப் பத்தியைத்தான் நாம் நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தோம். அதன் தலைப்பு: 'கேட்டவர்கள்.' ஒரு தட்டை வைத்துக் கேட்டபோது கூட இருந்தவர் யார், அன்று என்ன விசேஷம் என்று ஓரிரு சொற்களில் குறிப்பு. "பக்கத்து வீட்டு சாயபுவும் நானும், ஈத் மறுநாள்." "மூத்தவனுக்கு ஜுரம், தூங்கிவிட்டான்." கோல்மன் ஹாக்கின்ஸின் சாக்ஸபோன் தட்டுக்கு நேரே, "மூர் மார்க்கெட், 12 அணா. ஒரு பக்கம் கீறல். நானும் அவளும். மழை" என்றிருந்தது.

அன்றிரவு அந்தத் தட்டையே கேட்டோம். ஜாஸ் என்பது அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க ஜனங்களின் சந்ததியார் நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களில் வளர்த்த சங்கீதம். அது முதன் முதலாகத் தட்டில் ஏறியது 1917-ம் வருஷத்தில்; வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டில் வாசித்த கோஷ்டி வெள்ளைக்காரர்களுடையது! விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஹாக்கின்ஸ் 1939-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வாசித்த இந்த 'பாடி அண்ட் ஸோல்' என்ற உருப்படியில், எல்லாரும் அறிந்த மெட்டை ஆரம்பத்தில் சற்றே தொட்டுக் காட்டுகிறார். பிறகு அதை விட்டுவிட்டுத் தம் கற்பனை போகிற வழியே போகிறார். கடைசி வரையில் மெட்டுக்கு நேராகத் திரும்புவதில்லை. ஆனால் மெட்டின் அடித்தளமான சுரக்கட்டு அடியில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. மூன்றே நிமிஷம். மனோதர்மம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

"ஊர்வலம் முடிஞ்சு, கூட்டம் கலைஞ்ச பிற்பாடு, நாயனக்காரர் தனக்குத்தானே வாசிக்கிற மாதிரி இல்லே?" என்றார் அம்மாள்.

அடுத்தபடியாகத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைக்கச் சொன்னார். வாத்தியார் வழக்கமாக அப்படித்தான் வைப்பாராம்: அது ஒன்று, இது ஒன்று. தோடி தொடங்கியதும் நமக்கு ஒரு விஷயம் விளங்கியது. பத்தங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றினால், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். அந்தச் சிறையில் அடைபட்டவர்கள் நியூ ஆர்லியன்ஸ்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒன்றே. இரவு முழுவதும் தோடி வாசிக்க வல்லவர், மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருந்தது. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928-ம் வருஷத்தில் வாசித்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தட்டின் தொடக்கத்தில், பக்க வாத்தியம் எதுவுமின்றி, எக்காளத்தால் கால் நிமிஷத்துக்கும் குறைவாக ஓர் ஆலாபனை செய்கிறார். அந்தச் சில விநாடிகளுக்குள் ஒரு முழுக் கச்சேரி இருக்கிறது. தட்டுச் சங்கீதம் ரஸிகர்களின் பொறுமையைக் கெடுத்துவிட்டதென்று அந்தக் காலத்தில் குறை கூறியவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எதை விடுவது, எதை வைப்பது என்று வித்வான்களைத் தீர்மானிக்கச் செய்ததும் தட்டுத்தான்.

மேல்நாட்டு சிம்பொனிக்காரர்கள் பட்ட பாடு வேறு விதம். அவர்கள் எதையும் விட முடியாது. எழுதி வைத்ததை அப்படியே வாசிக்க வேணும். 1913-ம் வருஷத்தில் ஆர்தர் நிகிஷ் என்பவர் பெர்லின் கோஷ்டியைக் கொண்டு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி முழுவதையும் பதிவு செய்தபோது அது எட்டுப் பக்கங்களுக்கு வந்தது. இவ்விதத் தட்டுத் தொகுதிகளைப் படப் புஸ்தகம் போன்ற உறைகளில் கட்டி விற்றார்கள். 'ஆல்பம்' என்ற பெயர் அப்படி வந்ததே. வாத்தியார் அட்டை ஆல்பங்களின் முதுகு கிழிந்தபோது, ஜோடு தைக்கும் ஒருவரைக் கொண்டு ஆட்டுத் தோலில் முதுகு தைத்து வாங்கியிருக்கிறார். நம் தேசத்தில் பீத்தோவன் ஆம்பூர்த் தோல் அணிந்த வீடு வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ஆல்பங்களில் ஒன்று பாப்லோ கஸால்ஸ் 1936 முதல் 1939 வரையில் பதிவு செய்த பாக்கின் செல்லோ உருப்படிகள். கஸால்ஸ் பதின்மூன்று வயதுப் பையனாயிருந்தபோது, பார்ஸிலோனாத் துறைமுகத்துக்கு அருகே ஒரு பழைய கடையில் இவற்றின் பிரதியைக் கண்டெடுத்தாராம். பன்னிரண்டு வருஷம் தனிமையில் சாதகம் செய்த பிறகே சபையில் வாசித்தார். இந்தச் செய்தியை வாத்தியார் பேரேட்டின் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் "அங்கும் ஒரு மூர் மார்க்கெட்!" என்று குறித்திருந்தார்.

இந்த வரிசையில் தேச பக்தர்கள் எழுந்து நிற்க வேண்டிய தட்டு ஒன்றும் உண்டு. 1931-ம் வருஷத்தில் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தி, கொலம்பியா கம்பெனியாரின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பேசிய தட்டு. ராஜீய விஷயம் பேச மறுத்து, கடவுளைப் பற்றித் தாம் முன்பு எழுதியிருந்த கட்டுரையைப் படித்தார். இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு நிமிஷம். இத்தட்டுக்கு நேரே 'கேட்டவர்கள்' பத்தியில் "வகுப்பு முழுவதும்" என்று காண்கிறது. பாட்டுப் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார். இரண்டு தட்டு தள்ளி ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டு. பாரதியார் பாடல்களைத் தட்டில் பாடும் உரிமையும் ஒரு காலத்தில் வியாபாரச் சரக்காயிருந்தது, ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடமிருந்த அந்த உரிமை, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதம மந்திரியாயிருந்த காலத்துச் சென்னை சர்க்காரிடம் வந்து, பிறகு பொது ஜனங்களுக்கே சொந்தமாயிற்று.

இரண்டாம் நாள் முழுவதும் பிராயச்சித்தம். நாலு குவியல்களையும் கலைத்து, எண் வரிசையில் மறுபடியும் அடுக்கினோம். மாடி அறை கூடாதென்று சொல்லி, கீழே வடக்குச் சுவரோரமாக அலமாரியை இறக்கச் செய்தோம். தட்டுக்களைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக் கூடாது. சாய்த்தும் வைக்கக் கூடாது. புஸ்தகம் போல் நிமிர்த்தி, அசையாமல், நெருக்காமலும் நிறுத்த வேணும். தூசியைத் துடைக்க ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மேஜை நாற்காலிக்குப் பாலீஷ் போடுகிறார்கள். தட்டைத் துடைத்தால் பாட்டே பாலீஷாகிவிடும். சோப்பு சற்றே கலந்த தண்ணீர், மெல்லிய துணி, உடனே ஈரம் ஒற்றுதல், நடுக்காகிதத்தில் தண்ணீர் படாமை, அவ்வளவு போதும். 1948-ல் வந்த நெடுந்தட்டுக்கு ஏற்ற மெல்லிய ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால், அது அகன்ற பள்ளத்தின் அடியில் விழுந்து அழுக்கைத்தான் பாடும். அரக்குத் தட்டுக்குத் தடித்த ஊசி தனியே உண்டு. இன்னொரு சங்கதி: மிகப் பழைய தட்டுக்கள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் மாறிவிடும். பழைய வித்வான் ஒருவர் பெண் குரலில் பாடுவதாகத் தோன்றினால், அவரைக் குறை சொல்லுமுன் பெட்டியைக் கவனிக்க வேணும்.

இவ்வளவு உபதேசம் செய்த நாம், மாலை ஐந்து மணிக்கு ஒரு தட்டை உடைத்தோம்.

உறையின் அடிப்பக்கம் பிரிந்திருந்தது. மேல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினோம். உறை கையோடு வந்தது, தட்டு வரவில்லை. சிமெண்டுத் தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. எடுத்துப் பார்த்தால் டெட்டி வெதர்போர்ட். அமெரிக்க நீக்ரோ பியானோ வித்வான். வாலிபத்தில் சிகாகோவில் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு ஒரே கோஷ்டியில் வாசித்தவர். 1926-ல் ஷாங்காய்க்குப் போய், பிறகு பம்பாய்த் தாஜ்மஹால் ஹோட்டலிலும், யுத்த காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் வாசித்தவர். 1945-ம் வருஷத்தில், நாற்பத்தொரு வயதில், காலராக் கண்டு கல்கத்தாவிலேயே இறந்தார். கல்கத்தாவில் அவர் வாசித்துப் பதிவான தட்டுக்களைச் சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்கள். பெங்களூர்க்காரர் முதலில் கையில் எடுத்ததே இந்தத் தட்டைத்தான் என்று சிநேகிதர் பிற்பாடு சொன்னார். அப்போது சொல்லாமலிருந்தது அவருடைய பெருந்தன்மை.

நாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்படி ஒரு தட்டு இன்னொன்று எங்கே கிடைக்கும், விலை என்ன ஆனாலும் வாங்கித் தருகிறோம் என்று ஏதோ குழறினோம். அம்மாள் குனிந்து மூன்று துண்டுகளையும் பொறுக்கினார். நாம் தடுத்தும் கேட்கவில்லை. துண்டுகளைப் பழைய பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி, அதே உறையில் போட்டு, அடியை ஊசி நூலால் நாலு தையல் போட்டு மூடினார்.

"இது நான் கேட்டதுதான். கல்யாணமாகி வந்த வருஷம். இன்னும் காதிலே இருக்கு," என்றார். பிறகு மகனைப் பார்த்து, "பெங்களூர்க்காரருக்கு எழுதிடு. ஜாஸ் மட்டும்னா நடுவிலே நடுவிலே ஓட்டை விழும். எல்லாத்தையும் பேரேட்டோட சேத்து எடுத்து, வந்தவங்களுக்குப் போட்டுக் காட்டுவேன்னு சொன்னார்னா, என் காலத்துக்குப் பிற்பாடு எடுத்துக்கட்டும். இல்லேன்னா இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

சிநேகிதர் சரியென்று தலையை அசைத்தார். விலையைப் பற்றி அன்று பேச்சே எழவில்லை. பெங்களூரிலிருந்து இதுவரையில் பதிலும் வரவில்லை.

உறை அலமாரியில் தன் இடத்துக்குத் திரும்பியது. அம்மாள் பேரேட்டை எடுத்து அந்த எண்ணைத் தேடித் திறந்து, பேனாவை நம்மிடம் நீட்டினார். குறைகள் எழுதும் பத்தியில் தேதியைப் போட்டு, "உடைந்தது" என்று எழுதினோம். பேரேட்டை மூடப் போனோம்.

"யார் கையாலேன்னு போடலியே, தம்பி?" என்றார்.

அதையும் எழுதினோம்.